நில் என்ற பெயருடைய ஓட்டக்காரி

கிரேக்க நாட்டில் எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் பெற்ற தாய் கோயிலுக்குப் போகமாட்டாள். வீட்டில் ஜன்னலோரம் காத்திருப்பாள். கோயிலுக்குள் ஞானத்தாய் வாயிலிருந்து பெயர் வெளியே வந்த மறுநொடி ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தெறித்து ஓடி வருவார்கள். முதலில் வந்து பெயரைச் சொல்கிற பிள்ளைக்குத் தாய் கையால் சில்லறை கிடைக்கும். இப்போது எல்லாரும் போனில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அப்போது அப்படி இல்லை.

லிக்கூர்கோஸின் ஐந்தாவது மகளுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று அவர் மனைவி பனோரேயா கையில் காசோடு ஜன்னலில் நின்றிருந்தாள். தெருமுனையில் பிள்ளைகள் தலைகால் தெரியாமல் ஓடி வந்தார்கள்.

"ஸ்தமாத்தா! ஸ்தமாத்தா!"

எங்கள் பேச்சில் அந்த வார்த்தைக்கு 'நில்லு, நிறுத்து' என்று பொருள்.

"யாரைடா நிக்கச் சொல்றீங்க?" என்று பனோரேயா கத்தினாள். "நிக்காம ஓடி வாங்க, பேரைச் சொல்லுங்க!"

"அதுதான் அத்தை பேரு! பாப்பா பேரே ஸ்தமாத்தா!"

பனோரேயா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். காசு தரையில் சிதறியது. பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வரிசையாகப் பெண்ணே பிறந்தால் கடைசிப் பெண்ணுக்கு அந்தப் பெயரை வைப்பது எங்கள் மலைப்பக்கத்து வழக்கம். போதும், இத்தோடு நிற்கட்டும், அடுத்தது ஆணாக வரட்டும் என்று கடவுளுக்குச் சொல்லி அனுப்புகிற மாதிரி. லிக்கூர்கோஸ் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயில் வாசலில் ஞானத்தாயின் காதில் சொல்லிவிட்டார். முதல் நான்கு பெண்களுக்கும் பாட்டிமார் பெயரும் புனிதர்கள் பெயரும் வைத்தாகிவிட்டது. ஐந்தாவதுக்கு ஒரு கட்டளையை வைத்தார். கடவுளும் கேட்டுக்கொண்டார், கொஞ்சம் அதிகமாகவே கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெண்ணும் பிறக்கவில்லை, ஆணும் பிறக்கவில்லை.

லிக்கூர்கோஸைக் குறைத்துப் பேச யாருக்கும் தகுதி இல்லை. பார்தேனி மலையில் அடுத்தவன் ஆட்டை மேய்த்துக்கொண்டிருந்த மனிதர், கீழே தெகேயாச் சமவெளிக்கு ஒரு கழுதையோடு இறங்கி வந்து, கல்லும் முள்ளுமாகக் கிடந்த நிலத்தைத் தன் கையால் ஆப்பிள் தோட்டமாக்கினார். பள்ளிக்கூடத்தை அவர் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. இந்தச் சமவெளியில் யாருடைய தயவும் இல்லாமல் மேலே வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். அவர்களில் லிக்கூர்கோஸ் ஒருவர். மற்றவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை.

பெயரில் ஒரு சங்கடம் இருந்தது. அறுவடையின்போது ஏணி மேல் நின்று "பொலிக்ஸேனி!" என்று கூப்பிட்டால் மூத்தவள் பொலிக்ஸேனி வருவாள். "ஸ்தமாத்தா!" என்று கூப்பிட்டால் தோட்டம் முழுக்க வேலை நின்றுவிடும். மரத்தில் இருப்பவன் கையை இறக்குவான். டிராக்டர்காரன் இன்ஜினை அணைப்பான். "என்ன முதலாளி, யாராவது விழுந்துட்டாங்களா?" என்று நாலு பக்கமும் குரல் வரும். அவள் தத்தித் தத்தி நடக்கிற வயதிலேயே இரண்டு முறை அப்படி ஆனதும் லிக்கூர்கோஸ் அந்தப் பெயரை வாயில் எடுப்பதையே விட்டுவிட்டார்.

"ஏ சின்னது! தண்ணி கொண்டா!"

சின்னது தண்ணீர் கொண்டு வரும். கிணற்றடியிலிருந்து தோட்டத்தின் கடைசி வரிசை வரைக்கும் குடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே ஓடி வரும். ஒரு சொட்டு சிந்தாது. ஊர் நாய்கள் கொஞ்ச தூரம் கூட ஓடிப் பார்த்துவிட்டு, இது வேலைக்கு ஆகாது என்று படுத்துக்கொள்ளும்.

தோட்டத்தில் லிக்கூர்கோஸுக்கு ஒரே ஒரு சட்டம்தான். தரையைத் தொட்ட ஆப்பிள் பெட்டிக்குள் போகக்கூடாது. பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே அடிபட்டிருக்கும். நாலு நாளில் அது அழுகி, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். எவ்வளவு பெரிய பழமாக இருந்தாலும் விழுந்தது பன்றிக்கு. பெட்டியை முகர்ந்து பார்த்தே, இதில் ஒன்று கீழே கிடந்தது என்று சொல்லிவிடுவார். அவருடைய ஐந்து பெண்களும் தாய்ப்பாலோடு கற்ற பாடம் அது. விழுந்த ஆப்பிளுக்குக் குனியாதே.

ஸ்தமாத்தாவுக்குப் பதினாறு வயதானபோது பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் தியாமாந்திஸ் வீடு தேடி வந்தார். கழுத்தில் விசிலோடே தூங்குவார் என்று ஊரில் பேச்சு.

"பார்பா லிக்கூர்கோஸ்," என்றார். வயதானவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "உங்க பொண்ணு ஓடறா."

"தெரியுமே. யாரைத் துரத்தறா?"

"யாரையும் துரத்தல. அவளைத்தான் யாராலயும் துரத்திப் பிடிக்க முடியல. திரிப்பொலியில போட்டி இருக்கு. முதல்ல வந்தா ஏதென்ஸ்ல விளையாட்டுப் பள்ளியில சேத்துக்குவாங்க. தங்கறது, சாப்பாடு, எல்லாம் அவங்க பொறுப்பு."

"ஓடறதுக்கு ஏதென்ஸ் வரைக்கும் போகணுமா? இங்க இடமா இல்ல?"

"அதில்ல பார்பா..."

"நாலு பேர் கல்யாணம் ஆகிப் போயிட்டாங்க வாத்தியாரே. வீட்ல மிச்சம் இது ஒண்ணுதான். இதையும் அனுப்பிட்டு நான் யாரை வெச்சு தோட்டத்தைப் பாக்கறது? இந்த ஒயினைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

தியாமாந்திஸ் ஒயினைக் குடித்தார். ஆனால் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். போட்டியன்று காலையில் பனோரேயா மகளின் பையில் ரொட்டியும் ஆட்டுப்பாற்கட்டியும் வைத்து, கண் படாமல் இருக்க மூன்று முறை தூ தூ தூ என்று துப்பி, பின் கதவு வழியாக அனுப்பிவைத்தாள்.

மைதானத்தை இரண்டு முறை சுற்ற வேண்டும். முதல் சுற்றிலேயே ஸ்தமாத்தா முன்னால் போய்விட்டாள். இரண்டாவது சுற்றில் பின்னால் காலடிச் சத்தமே கேட்கவில்லை. தன் மூச்சும் தன் கால் மண்ணில் படுகிற சத்தமும்தான். கடைசித் திருப்பம். வலப்பக்கம் கம்பி வேலி, வேலியில் தொற்றிக்கொண்டு கத்துகிற கூட்டம். அந்தக் கூச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஏணி மேல் நின்று கத்தினால் தோட்டத்தின் மறுகோடி வரைக்கும் கேட்கிற குரல்.

"ஸ்தமாத்தா!"

அவள் நின்றாள். காது என்னவென்று புரிந்துகொள்வதற்குள் கால் கீழ்ப்படிந்துவிட்டது. அப்பா வாயால் அந்தப் பெயரை அவள் நினைவு தெரிந்து கேட்டதில்லை. நில் என்று சொல்லிவிட்டார், நின்றுவிட்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தொப்பி தெரிந்தது. ஒரு கணம் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். தொப்பி திரும்பியது. பிக்கப் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. தியாமாந்திஸ் விசிலைக் கழற்றித் தரையில் அடித்தார்.

அவள் பஸ் பிடித்து வீடு வந்தாள். லிக்கூர்கோஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"உக்காரு. சூப் ஆறிடும்," என்றார்.

அந்த நாளைப் பற்றி அப்பாவும் மகளும் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷம். ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே ஏணியின் இரண்டு பக்கம் நின்று பழம் பறித்தார்கள், பனோரேயாவைச் சேர்ந்தே அடக்கம் செய்தார்கள். அதை மட்டும் பேசவில்லை.

ஏதென்ஸ் போகாத பெண் எங்கே போவாள்? பழம் தரம் பிரிக்கிற கிடங்குக்குப் போனாள். கொரிந்துக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள், அது நிலைக்கவில்லை, திரும்பி வந்தாள். ஊர் என்ன பேசும் என்று வீட்டுக்குள் உட்காரவில்லை. பெரிய வண்டி ஓட்டுகிற லைசென்ஸ் எடுத்தாள். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிற பஸ்ஸுக்கு டிரைவரானாள். காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அன்றைக்கு நல்ல தீனி.

"பேரே நில்லு. இவ எப்படிடா வண்டியை நகத்துவா?"

நகர்த்தினாள். பனி கொட்டுகிற ஜனவரியிலும் அவள் பஸ் நேரம் தவறியதில்லை. ஓடுவதற்கு இருந்த கால் பிரேக்கில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளைகளுக்கு அவள் பெயர் தினசரி விளையாட்டு. தங்கள் ஊர் வந்ததும் பின் சீட்டிலிருந்து "ஸ்தமாத்தா!" என்று ஒரே குரலாகக் கத்துவார்கள்.

"பேரைச் சொல்றீங்களா, நிறுத்தச் சொல்றீங்களா?"

"ரெண்டும்!"

அவள் ஒரு புத்தகம் எழுதினாள், அது பிறந்தது அந்த பஸ்ஸில்தான். ஒரு குளிர்காலத்தில் பார்தேனி மலைக்குக் கீழே சாலையில் மரம் விழுந்து வண்டி நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு அன்று பள்ளியில் அத்தலாந்தி கதை பாடம். யாருக்கும் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆண் பிள்ளை வேண்டும் என்றிருந்த ராஜா, பிறந்த பெண்ணை இதே பார்தேனி மலையில் விட்டுவிட்டுப் போனான். கரடி பால் கொடுத்தது, வேடர்கள் வளர்த்தார்கள். ஆணெல்லாம் தோற்கிற ஓட்டக்காரி ஆனாள். பிறகு அப்பன் அவளைத் தேடிப்பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தான், உடனே கல்யாணப் பேச்சை எடுத்தான். ஓட்டத்தில் என்னை ஜெயிக்கிறவனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள் அவள். ஒருவன் ஓடும்போது தங்க ஆப்பிளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டான். அவள் குனிந்து எடுக்க, அவன் ஜெயித்துவிட்டான். வடக்கே போயோத்தியாக்காரர்கள் அத்தலாந்தி தங்கள் பெண் என்பார்கள். ஆப்பிளுக்கும் உருளைக்கிழங்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு நாம் என்ன பேசுவது? அவள் எங்கள் தெகேயாக்காரி. மலை இங்கே நிற்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கலிரோயி என்று ஒரு பெண், எப்போதும் முதல் சீட், வாய் கொஞ்சம் நீளம். புத்தகத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டே சொன்னாள்: "லூசுப் பொண்ணு. கீழ விழுந்த ஆப்பிளுக்காக ஓட்டத்தை விடுவாளா? எங்க அப்பா அதைப் பன்னிக்குத்தான் போடுவார்."

"தங்க ஆப்பிளாச்சேடி," என்றான் பின்னால் ஒருவன்.

"தங்கமா இருந்தா என்ன? விழுந்தது விழுந்ததுதான்."

பஸ் முழுக்கச் சிரித்தது. எல்லாம் ஆப்பிள்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். சிரிப்பு அடங்குவதற்குள் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே ஸ்தமாத்தா சொன்னாள்:

"அவ ஆப்பிளுக்காக நிக்கல."

"பின்ன?"

"யாரோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க."

"யாரு?"

சாலையில் மரத்தை அறுத்து இழுத்துவிட்டார்கள். அவள் கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள். ஆனால் கலிரோயி விடுகிற ஜாதி இல்லை. மறுநாள் ஏறும்போதே "யாரு கூப்பிட்டது?" அதற்கு மறுநாளும் அதே. வாயால் சொல்ல முடியாததை ஸ்தமாத்தா எழுத ஆரம்பித்தாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு மதியம் ஏற்றுகிற வரைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு, காலில் போர்வை, ஸ்டீயரிங் மேல் பலகை. இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது. பத்ராஸில் ஒரு சின்னப் பதிப்பகம் 'கடைசித் திருப்பம்' என்று இளவட்டங்களுக்கான நாவலாக அதைப் போட்டது. அட்டையில் ஆப்பிள் இல்லை. ஒரு ஜோடி வெறுங்கால் மட்டும்.

அந்த நாவலில் அத்தலாந்தியே தன் கதையைச் சொல்வாள். பெற்றவன் அவளுக்குப் பெயர் வைக்காமலே மலையில் விட்டுவிடுகிறான், வேடர்கள்தான் வைக்கிறார்கள். திரும்பி வந்த பிறகும் அவன் அவளை "ஏ பெண்ணே" என்றுதான் கூப்பிடுவான். பந்தயத்தின் கடைசித் திருப்பத்தில் முதல் தடவையாகப் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். அவள் திரும்பிப் பார்க்க வேண்டும், தோற்க வேண்டும், ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும் என்பதற்காக. ஆப்பிள் எல்லாம் ஊர் பார்வைக்குப் போட்ட வேஷம்.

எண்பத்தாறு வயது லிக்கூர்கோஸ் நாவலைப் படிக்கவில்லை. அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். கண்ணும் இப்போது சரியில்லை. ஆனால் ஒரு பிரதி எப்போதும் பிக்கப்பில் இருக்கும். காப்பிக்கடையில் மேசை மேல் வைப்பார்.

"பெட்டியில ஒட்டற சீட்டைத் தவிர நான் எதையும் படிச்சதில்ல. என் மக புஸ்தகமே போட்டிருக்கா. பாத்தியா, பேரு. என் பேரும் இருக்கு, லிக்கூர்கோஸ் மகள்னு."

படித்தவர்கள் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொள்வார்கள். "நல்லாயிருக்கு பார்பா," என்பார்கள்.

ஆகஸ்டில் மாதா பண்டிகைக்கு ஊர் நிறைந்து கிடக்கும்போது புத்தக வெளியீட்டை ஊர்ச் சங்கம் ஏற்பாடு செய்தது. அன்று மத்தியானம் பொலிக்ஸேனி தங்கை வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாகச் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"கரடி வர்றதைப் படி. வேட்டையைப் படி. ஓட்டத்தைப் படிக்காதே."

"அது கதைக்கா."

"கதையா? எந்த ராஜாடி ஆப்பிள் பெட்டியை முகர்ந்து பாக்கறான்? எந்த ராஜா மககிட்ட சூப் ஆறிடும்னு சொல்றான்? எனக்குப் புரிஞ்சது அவருக்குப் புரியாதா?"

"புரியட்டும்."

"முன் வரிசையில உக்காரப்போறாரு. ரெண்டு நாளா வெள்ளைச் சட்டையைத் தேச்சுத் தேச்சு மாட்டி வெச்சிருக்காரு. ஊர் முன்னாடி அதைக் கேட்டா எழுந்து போயிடுவாரு. இந்த வயசுல போனா போனதுதான், உன் வாசலை மிதிக்கமாட்டாரு. அவரை உனக்குத் தெரியாதா?"

ஸ்தமாத்தாவுக்குத் தெரியும். சத்தமில்லாமல் முதுகைக் காட்டிப் போகிற மனிதர் அவர். அந்த முதுகை ஒரு தடவை பார்த்திருக்கிறாள். படித்தால் அவரை இழக்க வேண்டி வரும். படிக்காவிட்டால் அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் சூப்பைப் பற்றித்தான் பேச வேண்டும்.

"அன்னைக்கு எதுக்கு வந்தாருன்னு நான் கேட்டதே இல்லக்கா."

"கேக்காதே. சில விஷயம் ஆறிப்போனா ஆறிப்போகட்டும்."

அக்கா போனதும் ஸ்தமாத்தா கரடி வருகிற பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தாள்.

சாயங்காலம், வெயில் இன்னும் சுவரில் இருந்தது. பழைய பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துத் தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, ஒரு குடம் ஒயின், தட்டில் ஆப்பிள் மிட்டாய். சங்கத் தலைவர் அரிஸ்தோமேனிஸ் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அத்தலாந்தியிலிருந்து ஆரம்பித்துத் தன் அரசியல் வரைக்கும் பேசி முடித்தார். பின்வரிசையில் பஸ் பிள்ளைகள். முன்வரிசையில் நடுநாயகமாக வெள்ளைச் சட்டை, கைத்தடி, லிக்கூர்கோஸ்.

"இப்ப நம்ம எழுத்தாளர் ஒரு பகுதி படிப்பாங்க," என்றார் அரிஸ்தோமேனிஸ். "எந்தப் பகுதி படிக்கலாம்?"

"ஓட்டம்! ஓட்டம்!" என்று பின்வரிசை கத்தியது. கலிரோயி குரல்தான் முதலில்.

"கரடி வர்ற இடத்தைக் குறிச்சு வெச்சிருக்கேன்," என்றாள் ஸ்தமாத்தா.

"கரடியைப் பத்தி இவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் லிக்கூர்கோஸ் சத்தமாக. "கரடியைப் பாத்தவன் நான் ஒருத்தன். ஓட்டத்தையே படி, சின்னது."

பொலிக்ஸேனி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். ஸ்தமாத்தா காகிதத் துண்டை எடுத்துப் பாக்கெட்டில் போட்டாள். கடைசிப் பக்கங்களைத் திறந்தாள். படிக்க ஆரம்பித்தாள்.

"'திருப்பத்தில் எனக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னாலும் இல்லை. மலையும் நானும்தான் ஓடிக்கொண்டிருந்தோம். அப்போது வேலிக்கு அப்பாலிருந்து என் பெயர் கேட்டது. என்னைக் கல்லின்மேல் விட்டுப்போனவர், எனக்குப் பெயரே வைக்காதவர், அன்றுதான் முதல் முறையாக அதைச் சொன்னார். நான் நிற்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார்.'"

கைத்தடி சிமெண்டுத் தரையில் இடித்தது.

"பொய்," என்றார் லிக்கூர்கோஸ்.

அரிஸ்தோமேனிஸ் மைக்கோடு எழுந்தார். "பார்பா, இது கதைதானே..."

"நீ உக்காருடா. மைக்கைப் பிடிச்சா எல்லாம் தெரிஞ்சவன் ஆயிடுவியா?" மகளைப் பார்த்தார். "அந்த ராஜா எதுக்குக் கூப்பிட்டான்?"

"நிறுத்தறதுக்கு."

"உனக்கு யாரு சொன்னா?"

"நான் அங்க இருந்தேம்பா."

"நானும் இருந்தேன்."

ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தவன் குடத்தைச் சாய்த்தபடியே நின்றான். ராஜாவைப் பற்றிய பேச்சு முடிந்துவிட்டது என்று பின்வரிசைப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

"இழுத்துட்டு வரத்தான் வந்தேன்," என்றார் லிக்கூர்கோஸ். "அதுல பொய் சொல்லமாட்டேன். உங்க அம்மாவைத் திட்டிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். வேலிகிட்ட வந்து நின்னேன். தூரத்துல ஒரு பொண்ணு வருது. மத்ததெல்லாம் எங்கயோ பின்னால கிடக்கு. அடேயப்பா, யாரு வீட்டுப் பொண்ணுடா இதுன்னு நெனச்சேன். சத்தியமா. கிட்ட வந்தப்புறம்தான் நம்மளுதுன்னு தெரிஞ்சுது. வாய் தானா தொறந்துகிச்சு."

"நில்லுன்னு கத்துனீங்க."

"உன் பேரைக் கத்துனேன்டி! பக்கத்துல ஒருத்தன் 'ஓடு மரீனா'ங்கறான். இன்னொருத்தன் 'விடாதே யானூலா'ங்கறான். நான் என்னத்தச் சொல்லிக் கத்தறது? உனக்கு வேற பேரா இருக்கு?"

பின்வரிசையில் யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

"ஓடுன்னு கத்தியிருக்கலாமே," என்றாள் ஸ்தமாத்தா.

"அதைத்தான் சொல்ல வந்தேன்! முதல்ல பேரு, அப்புறம் ஓடு. மூச்சை இழுக்கறதுக்குள்ள நின்னுட்டே."

"அப்ப ஏன் திரும்பிப் போனீங்க?"

லிக்கூர்கோஸ் கைத்தடியின் பிடியைத் திருகினார்.

"என்னைப் பாத்தே. ஒரு பார்வை. நீங்க எதுக்கு வந்தீங்கன்னு கேக்கற மாதிரி. என்னாலதான் நீ தோத்தேன்னு தெரிஞ்சுபோச்சு. எந்த மூஞ்சியை வெச்சுகிட்டு வேலியைத் தாண்டி வர்றது?"

"வீட்டுக்கு வந்தா சூப் ஆறிடும்னு சொன்னீங்க."

"ஆறிக்கிட்டுத்தானே இருந்துச்சு! வேற என்ன சொல்லத் தெரியும் எனக்கு?"

இந்தத் தடவை சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. பொலிக்ஸேனி சிரித்தாளா அழுதாளா என்று கைக்குட்டைக்குத்தான் தெரியும். ஸ்தமாத்தா சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"அந்தப் பேரை எனக்கு வெச்சது யாரு?"

ஊர் முன்னால் யாருக்கும் தலை குனிந்ததில்லை அந்த மனிதர். வங்கிக்காரனிடமும் இல்லை, மந்திரியிடமும் இல்லை. அன்றும் குனியவில்லை. அவளை நேராகப் பார்த்தார்.

"நான்தான்," என்றார். "என் ஆசைக்கு வெச்சேன். உன்னைக் கேக்கல, உன் அம்மாவையும் கேக்கல." கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டார். "மிச்சத்தையும் படி. அவ என்ன ஆனான்னு தெரியணும்."

அவள் மேசைக்குத் திரும்பிப் போனாள். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள், ராஜாவைத் திட்டின இடங்கள் உட்பட. பொலிக்ஸேனி ஒவ்வொரு பக்கத்துக்கும் அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால் எழுந்திருக்கவில்லை. படித்து முடித்ததும் முதலில் தட்டிய கை அவருடையது. கைத்தடி மடியிலிருந்து உருண்டு விழுந்தது, அவர் அதற்குக் குனியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கலிரோயி மிட்டாய்த் தட்டைக் காலி செய்துகொண்டே கேட்டாள்: "அப்ப அடுத்த பதிப்புல மாத்துவீங்களா?"

"எதுக்கு மாத்தணும்? அந்த ராஜா வேற ஆளு, சிம்மாசனத்தை விட்டு எழுந்தவன் இல்ல." ஸ்தமாத்தா கேட் பக்கம் பார்த்தாள். அங்கே லிக்கூர்கோஸ் வெளியூர்க்காரர் ஒருவரை நிறுத்தி வைத்துப் புத்தகத்தில் தன் பெயர் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "இவர் பிக்கப்பை எடுத்துகிட்டு வந்தாரு."

செப்டம்பர் கடைசியில் அறுவடை. அந்த வருஷம் பழம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், சொன்னால் நம்பமாட்டீர்கள். லிக்கூர்கோஸ் இப்போது ஏணி ஏறுவதில்லை. கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்து தடியால் அதிகாரம் செய்வார். மதிய டிரிப் முடித்துவிட்டு ஸ்தமாத்தா தூக்குப் பாத்திரத்தில் சாப்பாட்டோடு தோட்டத்தின் கடைசி வரிசை வழியாக உள்ளே நுழைந்தாள். அவர் பார்த்துவிட்டார். தடியை ஊன்றி எழுந்தார். எண்பத்தாறு வயதில் அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ.

"ஸ்தமாத்தா!"

தோட்டம் முழுக்க நின்றது. மரத்தில் இருந்த அல்பேனியப் பையன்கள் கையை இறக்கினார்கள். பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவன் பெட்டியோடு நின்றான். டிராக்டர் அணைந்தது. ஸ்தமாத்தாவும் நின்றுவிட்டாள், பழைய கால் அல்லவா.

லிக்கூர்கோஸ் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.

"ஓடு!"

"முதலாளி," என்று டிராக்டர்காரன் தலையை வெளியே நீட்டினான். "நிக்கறதா ஓடறதா? ஒண்ணைச் சொல்லுங்க!"

மரங்களுக்கு நடுவே, நாற்பத்தாறு வயதில், முழங்கால் வலியோடு, கையில் சூப்போடு அவள் ஓடி வந்துகொண்டிருந்தாள்.